பட்டாசின் தாமதமான பதில்கள்

அந்தச் சலூன்காரருக்குப் பட்டாசு என்று பட்டப்பெயர் வைத்தது யாரென்று தெரியாது. காரணம் எல்லோருக்கும் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தவர் வாயைத் திறந்தால் போதும், கத்தரி நிற்காமலே பதில் வெடிக்கும். "முன்னாடி கொஞ்சம் கம்மியா வெட்டுங்க" என்ற வழுக்கைத் தலைக்காரரிடம், "இருந்தாத்தானே சார் வெட்டுறதுக்கு!" என்றார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, மறுமுறை மைத்துனரையும் கூட்டிவந்தார். முடி வெட்ட அந்தத் தெருவிலேயே வேறு கடைகள் இருந்தன. இங்கே வந்தது வாய்க்காகத்தான்.

அறுபதை நெருங்கும்போது இதயத்தில் அடைப்பு. பைபாஸ் செய்தே ஆகவேண்டும் என்றார்கள். அறுவை அரங்கில் நெற்றியின் இருபுறமும் பட்டை ஒட்டிய நர்ஸிடம், "ஸ்டாம்பு ஒட்டி எங்கம்மா அனுப்புறீங்க, மேலயா?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள்.

கண் விழித்ததும் மனைவியை "அக்கா" என்று கூப்பிட்டார். கடையைச் சாத்தச் சொல்லி அரற்றினார். அந்தக் குழப்பம் சில நாளில் தெளிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் சொற்கள் நழுவின. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெயரைத் தேடினார்.

மனைவி டாக்டரிடம் கேட்டாள். "ஆபரேஷன் அப்போ நெத்தியில பட்டை ஒட்டியிருந்தோம், மூளைக்கு எவ்வளவு ஆக்சிஜன் கிடைக்குதுன்னு அதுல பார்ப்போம். நடுவுல கொஞ்ச நேரம் இறங்குச்சும்மா. பிரஷரை ஏத்திச் சரி பண்ணினோம். இந்தத் தடுமாற்றம் அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. நிறைய பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா சரியாயிடும்."

கடை திறந்தார். கைக்கு எந்தக் குறையும் இல்லை. ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் பழைய உரிமையில் சீண்டினார்: "என்ன பட்டாசு, நமத்துப் போச்சா?"

பட்டாசு வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கண்டக்டர் தெருவைக் கடந்து போன பிறகுதான் பதில் கிடைத்தது. அதைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த முறை அவர் வந்து உட்கார்ந்ததுமே, "நமத்துப் போகலய்யா, உங்க விசிலுக்குப் பயந்து பதுங்கியிருக்கு" என்றார்.

கண்டக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் மரியாதைக்குச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் பட்டாசு மனைவியிடம் சொன்னார்: "முன்னெல்லாம் என் பேச்சுக்குத் திட்டுவாங்க. இப்போ பாவப்பட்டுச் சிரிக்கிறாங்க. அதுதான்... அது..."

"தாங்கல," என்று எடுத்துக்கொடுத்தாள்.

"நீ சொல்லாத! வரும். வர்ற வரைக்கும் விடு!"

அவர் அவளை நோக்கிக் கத்தியது அதுதான் முதல் தடவை. அவள் அடுப்படியில் போய் அழுதாள். அதன் பிறகு அவர் திணறும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருக்கப் பழகினாள். கடையில் அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு வேலை செய்தார். சிலர் வருவது நின்றது. வந்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஒரு வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் அவர் ஞாபகத்தைச் சோதித்தார்கள். படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். "ரொம்ப நல்ல முன்னேற்றம், கிட்டத்தட்ட நார்மல்," என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி கேட்டாள்: "ஏங்க, உங்களுக்குச் சந்தோஷமா இல்லையா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் இரண்டு மூன்று இடங்களில் நின்று கிளம்பியது. அவள் எடுத்துக்கொடுக்கவில்லை.

"அந்த டாக்டர்," என்றார் கடைசியில், "பழைய ஆளைப் பார்த்ததில்லையே."

அவள் பார்த்திருக்கிறாள்.