ரத்தம் வராத சண்டை

சிதம்பரத்தில் நான் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சர். அதனால் ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்பார்கள். இந்தப் பொம்மைப் படத்தைப் பிள்ளை பார்க்கலாமா, அந்தப் பொம்மைப் படம் ஆகுமா? மாவு மில்லில் நிற்கும்போது கேட்டவர்கள் உண்டு, கீழ வீதியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டவர்களும் உண்டு. பதில் சொல்வதற்கு நான் மூன்று கேள்விகளைக் கைவசம் வைத்திருந்தேன். ரத்தம் வருகிறதா? கெட்ட வார்த்தை வருகிறதா? பிள்ளை தூக்கத்தில் அலறுகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால், பார்க்கட்டும் விடுங்கள் என்பேன். அதற்கு மேலும் இழுத்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். பிள்ளையை டிவி முன்னால் தனியாக உட்கார வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இவ்வளவு விசாரணை எதற்கு என்று தோன்றும்.

போன வருஷம் காலாண்டு லீவில் அதே கேள்வி என் தம்பி வீட்டிலிருந்து வந்தது. அப்போது எனக்குக் கோபம் வரவில்லை.

தம்பி கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் இருந்தான். ஐஸ் பாரை மிஷினில் போட்டு உடைத்துப் படகுகளுக்கு ஏற்றிவிடும் வேலை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து எல்லாப் படகுகளும் ஒன்றாகக் கிளம்பிய வாரத்தில் ஐஸுக்கு அடிபிடி. அந்த நெருக்கடியில் மிஷின் அவனுடைய வலது கையை இழுத்துக்கொண்டது. முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை.

அவனுக்கு ஒரே மகள், ஐந்து வயது. அந்த வலது கைதான் அவளுக்குத் தலையணை. அதில் தலை வைக்காமல் அவள் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அவன் பக்கத்திலேயே போகவில்லை. அழவில்லை, பயந்து ஓடவும் இல்லை. அவன் கூப்பிட்டால் காதில் விழாதவள் போல வேறு பக்கம் நகர்ந்துவிடுவாள். புண்ணைப் பார்த்த பயம்தான், ஆறினால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புண் ஆறிவிட்டது, பிள்ளை வரவில்லை. தம்பி அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கை போனதைத் தாங்கிக்கொண்டவன் இதைத் தாங்க மாட்டான் என்று எனக்குப் பயமாக இருந்தது.

தம்பி மனைவி, பிள்ளை டிவியில் தினமும் பார்க்கும் ஒரு ரோபோ படத்தின் மேல் பழியைப் போட்டாள்.

"அண்ணி, அதுல எப்பப் பாத்தாலும் கைய பிச்சு எறியறானுங்க. அதப் பாத்துப் பாத்துதான் அவங்க அப்பா கையப் பாக்கவே பயப்படுது. நீங்க வந்து ஒரு தடவ பாத்துட்டு சொல்லுங்க. வேணாம்னா நிறுத்திடறேன்."

பஸ் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் நான் பாதித் தீர்ப்பை எழுதிவிட்டேன். கை போன அப்பா இருக்கிற வீட்டில் கையைப் பிய்க்கிற படம் எதற்கு? நிறுத்து என்று சொல்ல டீச்சர் வேண்டுமா என்ன? இருந்தாலும் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் முறை என்று போனேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அவளோடு தரையில் உட்கார்ந்தேன். ஒரே கூடம்தான். டிவிக்கு எதிர்ச் சுவரோரம் கட்டில், அதில் தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன். தம்பி மனைவி அடுப்படியில் மீன் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தில் ஐந்து ரோபோக்கள். ஊருக்கு ஆபத்து என்று சங்கு ஊதினால் ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்து மலை உயரம் நிற்கும். யாருடைய உடம்பிலும் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, அடிபட்டால் நீலமாகப் புகை வரும். கெட்ட வார்த்தையும் இல்லை. 'உன் அழிவு நெருங்கிவிட்டது' என்று பட்டிமன்றத் தமிழில் பேசிவிட்டுத்தான் குத்தவே குத்துகின்றன. பிள்ளை தூக்கத்தில் அலறுவதில்லை என்று அவள் அம்மா முன்பே சொல்லியிருந்தாள். என்னுடைய மூன்று கேள்விகளிலும் அது தேறிவிட்டது. சத்தம்தான் ஜாஸ்தி.

இரண்டு கதைகள் பார்த்தோம். மூன்றாவதில் கறுப்பு ரோபோ ஒன்று வந்தது. பாலத்தை உடைத்தது, ரயிலைத் தூக்கி எறிந்தது. கடைசியில் ஐந்தும் சேர்ந்த பெரிய ரோபோ வாளால் வெட்ட, அதன் கை தோளோடு கழன்று கடலில் விழுந்தது. நான் டிவியைப் பார்க்கவில்லை, பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். பயமே இல்லை. கணக்கு சரியாக வந்ததைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இல்லையா பாப்பா?"

"எதுக்கு அத்த? அது கெட்டது."

"நல்ல ரோபோவுக்குக் கை போவாதா?"

"போவாது. தப்பு பண்ணுனாதான் போவும்."

பார்த்த மூன்று கதைகளையும் நினைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான். நல்ல ரோபோக்கள் ஐந்துக்கும் பெயிண்ட்கூட உரியவில்லை. கழன்று விழுந்த கைகளெல்லாம் கெட்டவற்றின் கைகள். நல்லவர்களுக்கு அடிபடுவதைச் சின்னப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்று, எடுத்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் அப்படிச் செய்திருப்பார்கள். ரத்தத்தைத் தேடிய எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. தம்பி தூங்கவில்லை.

ரிமோட் என் கையில்தான் இருந்தது. அணைத்துவிட்டு, இது ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை முடிந்தது. ஆனால் படத்தை மட்டும் குற்றவாளி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வந்த பிறகு இந்தக் கூடத்துக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள். ஆறுதல் சொல்ல ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, உட்கார்ந்ததும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். பார்த்து செய்யக் கூடாதா? அப்படி என்ன அவசரம்? ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கையை விட்டிருக்கலாமே? முதலாளி வீட்டிலிருந்து வந்தவரும் அதையே சொன்னார், சொந்தக்காரர்கள் நாங்களும் அதையே சொன்னோம். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. பிள்ளை இதே தரையில்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். அப்பா தப்பு பண்ணினார் என்று நாங்கள் சொன்னோம். தப்பு பண்ணினால் கை போகும் என்று படம் சொன்னது. இரண்டையும் கூட்டிப் பார்க்க ஐந்து வயது போதும்.

நான் ரிமோட்டைக் கீழே வைப்பதற்குள் தம்பி எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தான், அவளை ஒட்டி இல்லை, கொஞ்சம் தள்ளி. வழக்கமாகத் துண்டால் மூடியிருக்கும் கையை அவன் அன்று மூடவில்லை.

"பாப்பா, நான் தப்பு எதுவும் பண்ணல."

அவன் வாயிலிருந்து அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்களில் ஒருவரிடமும் அவன் அப்படிச் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொள்வது போலத்தான் சொன்னான். இத்தனை நாளும் அவனே அதை நம்பாமல் இருந்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிள்ளை அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். நிஜமா என்று கேட்கிற பார்வை. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அடுப்படியில் சட்டி தேய்க்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அப்பறம் ஏன் கை பூடுச்சு?"

"வேலைக்குப் போனேன்ல, ஐஸ் மாட்டிக்கிச்சு, கையால தள்ளி விட்டேன். தெனம் அப்படித்தான் தள்ளுவோம். அன்னிக்கு மிஷினு இழுத்துக்கிச்சு. நல்லவங்களுக்கும் போவும் பாப்பா."

அவள் அவன் கை முடிகிற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் டீ கொடுக்கும்போது தம்பி மனைவி, என்ன அண்ணி, நிறுத்திடட்டுமா என்று கேட்டாள். நிறுத்த வேண்டாம், தனியாக மட்டும் விடாதே, அவனையும் கூட உட்கார வை என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. வீட்டுக்கு வருகிறவர்களைப் பற்றியும் சொன்னேன். இனிமேல் யாராவது பார்த்து செய்யக் கூடாதா என்று ஆரம்பித்தால், டீயைக் கொடுத்து அனுப்பிவிடு என்றேன். அதற்கு மட்டும் சரி என்றாள்.

மறுநாள் காலையில் நான் கிளம்பப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். டிவியில் மறுபடியும் ரோபோக்கள். தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான், அவள் முந்தின நாள் போலவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை பச்சை ரோபோ ஒன்று அடிவாங்கியது. அதன் கை கழன்று ரோட்டில் உருண்டது. ஐந்து ரோபோக்களும் வெற்றி வெற்றி என்று கத்தின.

பிள்ளை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையிலேயே தேய்த்துத் தேய்த்து நகர்ந்து தம்பியின் இடது பக்கம் போய் ஒட்டிக்கொண்டு கேட்டாள்.

"ஏம்ப்பா, இதுவும் வேலைக்குப் போச்சா?"