அம்மாவின் கை கறுத்த அன்று

பெரியப்பா, என் அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று முதன்முதலில் சொன்னவர் நீங்கள்தான். அது பொய். சொல்லும்போதே அது பொய் என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்கு நயமாக எழுத வராது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் படிக்கட்டும்.

அப்போது எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டி எங்கள் வீடு. அப்பாவுக்கு அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் வயரிங் வேலை. அம்மா வீட்டில் நூல் நூற்பாள். பிழைப்புக்காக அல்ல, பிடித்திருந்ததால் நூற்றாள். பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் பீரியடில் தக்ளி என்கிற நூற்புக் கதிரைச் சுற்றக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். மற்ற பெண்கள் பரீட்சை முடிந்ததும் தக்ளியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அம்மா போடவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் பின்னால் சில பருத்திச் செடிகள். காய் வெடித்ததும் பறித்து, கொட்டையை விரலால் பிரித்து எடுப்பாள். பஞ்சைச் சீவுவதற்கு, நாய்க்கு முடி சீவுகிற கம்பி பிரஷ் இரண்டு வாங்கி வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் நாய் கிடையாது. பக்கத்து வீட்டு அத்தை அந்த பிரஷ்களைப் பார்க்கும்போதெல்லாம், நாய் எங்கே, வாங்கப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் போவார். சீவிய பஞ்சை என் பென்சிலில் சுற்றி உருவினால் விரல் நீளத்துக்குச் சுருள் கிடைக்கும். கொட்டாங்குச்சிக்குள் தக்ளியை நிறுத்திச் சுண்டிவிடுவாள். சுருளிலிருந்து நூல் இழைந்துகொண்டே வரும். அந்த நேரத்தில் அம்மாவிடம் என்ன கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுவாள். அதைத் தெரிந்துகொண்டு நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

நூற்ற நூலைச் சலவைச் சோடா போட்டு வேகவைத்தால் தண்ணீர் டீ மாதிரி இறங்கும். பிறகு கடுக்காயை இடித்துப் பாலில் கலந்து நூலை ஊறப்போடுவாள். அதன் பிறகு படிகாரம். கடைசியில், தோப்பு ஓரத்து மணலில் தோண்டி எடுத்த சாயவேரைப் போட்டுக் கொதிக்கவிட்டால் சிவப்பு. பால் வாங்கப் போனால் பால்காரம்மா விடமாட்டார்.

"இன்னாம்மா, நூலுக்குப் பால் ஊத்திகினுகீற. புள்ளைக்கு ஊத்துறியா இல்லியா?"

"புள்ள குடிச்ச மீதிதான் நூலுக்கு," என்பாள் அம்மா. அது உண்மையில்லை.

நெய்ய அவளுக்குத் தெரியாது. சாயம் ஏற்றிய நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் அடுக்குவாள். எதற்கு என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. அதைத்தான் நம் வீட்டு ஆட்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. டிவி பார்க்கிறவளை யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.

அவளுக்கு ஒரே ஒரு குறை, கறுப்பு வரவில்லை. ஆணியையும் வெல்லத்தையும் பானையில் போட்டுப் புளிக்க வைத்தால் கறுப்புச் சாயத்துக்கு வேண்டிய தண்ணீர் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வைத்தாள். நாற்றம் தாங்காமல் அப்பா அதைத் தெருவில் கொட்டிவிட்டார்.

பெரியப்பா, நீங்கள் வரும்போதெல்லாம் அம்மாவின் கையைத்தான் பார்ப்பீர்கள். "நம்ம அப்பன் ஆத்தா ஊரான் சேத்துல கைய வச்சது போதாதா? நாம படிச்சு வேலைக்குப் போயும் வூட்டுல ஒரு கறை புடிச்ச கை இருக்கணுமா?" என்று அப்பாவிடம் கேட்டீர்கள். அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனியில் சூப்பர்வைசராகி, கூடுவாஞ்சேரியில் மனை வாங்கி வீடு கட்ட நீங்கள் பட்ட பாடும் தெரியும். அதனால் நீங்கள் செய்தது சரியாகிவிடாது.

உங்கள் மகளை, அக்காவை, பெண் பார்க்க மதுராந்தகத்திலிருந்து வந்தார்கள். நாங்கள் காலையிலேயே பஸ் பிடித்து உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த வாரம் முழுக்க அம்மா கடுக்காய்த் தண்ணீரில் கை வைத்திருந்தாள். கையில் லேசான மஞ்சள்தான், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் ஊர் மணல் கிணற்றுத் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் அது அப்படியேதான் இருக்கும்.

உங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர். பெரியம்மா விடிந்ததிலிருந்து பாத்ரூம் தரையில் ஆசிட் ஊற்றித் துருக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நீங்களோ அவர்கள் வந்ததும் கூடத்தில் உட்கார்ந்து, இந்த மனையை வாங்கியதே தண்ணீருக்காகத்தான், மினரல் வாட்டர் தோற்கும் என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அம்மா கொல்லைக் குழாயடியில் டம்ளர் கழுவினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் நகக்கண் சாம்பல் நிறமானது. பிறகு விரல் இடுக்கு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கையும் மணிக்கட்டு வரை கறுத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"பாத்தியா பாப்பா, கறுப்பு வந்துகீது."

கை கழுவ வந்த மாப்பிள்ளையின் அம்மா அந்தச் சிரிப்பையும் பார்த்தார், அந்தக் கையையும் பார்த்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா கை இது? ஒட்டுற வியாதியா?"

அவர் போட்ட சத்தத்தில் கூடத்திலிருந்த எல்லோரும் கொல்லைக்கு வந்துவிட்டார்கள். அம்மாவுக்குப் பயமே இல்லை. தப்பு செய்தவளுக்குத்தானே பயம் வரும். "வியாதி இல்லீங்க. கடுக்காத் தண்ணில கை வச்சிருந்தேன். இந்தத் தண்ணில இரும்பு கீது, அதான்," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரியம்மா பக்கம் திரும்பி, "அக்கா, போம்போது ஒரு கேன் இந்தத் தண்ணி குடுங்க, நான் வூட்டுக்கு எடுத்துகினு போறேன்," என்று கேட்டாள்.

மாப்பிள்ளை வீட்டில் யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கையிலிருந்த தண்ணீர் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். என் தம்பி பெண்டாட்டி நூலுக்குச் சாயம் போடுவாள், எங்கள் தண்ணீரில் இரும்பு அதிகம், பட்டதும் கறுத்துவிட்டது. இவ்வளவுதான். நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னது வேறு.

"தப்பா எடுத்துக்காதீங்க. அதுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல. எதையாவது கையில தேச்சுகினே இருக்கும். எங்க பக்கம் அப்படி யாருக்கும் கிடையாது, வெளியேருந்து வந்த பொண்ணு."

அப்பா சுவரோரம் நின்றிருந்தார். அண்ணன் பேசும்போது அவர் குறுக்கே பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பேசவில்லை. அம்மா அப்பாவையே பார்த்தாள். கறுத்த கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள்.

அக்காவுக்குச் சம்பந்தம் நிச்சயமானது. சொன்னதை நிரூபிக்க வேண்டாமா? செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் அப்பா அம்மாவைக் கூட்டிப்போனார். நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அப்பா சொன்னார். உபயோகமில்லாமல் நூல் நூற்கிறாள், தன்னால் சிரிக்கிறாள், துருத் தண்ணீர் கேட்கிறாள். கேட்பவருக்கு என்ன தோன்றும்? மாத்திரை வந்தது. மாத்திரையில் அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்தது. தக்ளியைச் சுண்டினால் அது ஒரு பக்கம் விழும், நூல் அறும். ஒட்டவைத்து மறுபடி சுண்டுவாள், மறுபடி அறும். ஒருநாள் சுருளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு நூற்கவே இல்லை.

அக்கா கல்யாணத்துக்கு அம்மாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். இன்றுவரை சொந்தக்காரர்கள் அவளிடம், காது கேட்காதவளிடம் பேசுவதுபோல உரக்க, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறார்கள். சாப்டியா. இது யாரு தெரீதா. கேட்டுக் கேட்டு, அவளும் அப்படியே பதில் சொல்லப் பழகிவிட்டாள். மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று இப்போது இருக்கிற டாக்டரைக் கேட்டேன். இத்தனை வருஷம் கழித்து எது வியாதி, எது மருந்து என்று பிரிப்பது கஷ்டம் என்றார். எனக்கு வரன் பார்க்க வந்தவர்களும் அம்மாவைப் பற்றித்தான் விசாரித்துவிட்டுப் போனார்கள். மறுபடி வரவில்லை.

அன்றைக்கு எனக்கு இதில் எதுவும் விளங்கவில்லை. மாத்திரை கைக் கறுப்புக்காக என்று நினைத்தேன். நகம் வளர்ந்து கறை போனதும், சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் மாத்திரை என்று அப்பாவைக் கேட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இன்னொன்றும் விளங்கவில்லை. பெண் பார்த்த அன்று உங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது நீங்கள் என் தலையில் கை வைத்து, "அம்மாவப் பத்திரமா பாத்துக்க பாப்பா," என்றீர்கள். இந்த வீட்டில் அம்மாமேல் அக்கறை உள்ளவர் பெரியப்பா ஒருத்தர்தான் என்று நம்பினேன். பஸ்ஸில் அம்மாவிடம் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா கல்யாணம் முடிந்த கையோடு அந்தக் குழாய்க்கு இரும்பு நீக்குகிற ஃபில்டர் வைத்தீர்கள். ஏன் வைத்தீர்கள்?

வருகிற தை மாதம் அக்காவின் கடைசி மகனுக்குக் காது குத்து. அதே வீடு. அன்றைக்குக் கொல்லையில் நின்றவர்களில் உயிரோடு இருப்பவர்கள் அத்தனை பேரும் வருவார்கள். சம்பந்தியம்மாளும் வருவார். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவேன். அவள் முன்வரிசையில் உட்காருவாள். தனியாகக் கூப்பிட்டு என்னிடம் பேச வேண்டாம், ஃபோன் செய்ய வேண்டாம், அப்பா வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள், இந்தக் காது குத்திலும் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். என் அம்மாவின் கை ஏன் கறுத்தது, பெரியப்பா?