கூட்டத்தின் சிரிப்பும் அலோசியஸ் சாரும்

பாலராமபுரத்தில் ஒரு துணிக்கடையில் மருமகளுக்குச் சேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பிலோமினா சேச்சியின் அழைப்பு வந்தது. "டீச்சரே, சாரு போயிட்டாரு. காப்பி குடிச்சிட்டு இருந்ததாக்கும்" என்றார். விரித்துப் போட்ட சேலையை அப்படியே விட்டுவிட்டுக் கடையிலிருந்து இறங்கி நடந்தேன்.

பிலோமினா சேச்சி சொன்ன சாரு அவருடைய கணவர் அலோசியஸ். நெய்யாற்றின்கரைக்கு அருகே ஒரு கல்லூரியில் அவர் வரலாறும் நான் தமிழும் நடத்தினோம். எங்கள் வகுப்பறைகளுக்கு நடுவே இருந்தது ஒரு பலகைத் தட்டி மட்டும்தான். நான் சங்கப் பாட்டு நடத்தும்போது அந்தப் பக்கத்திலிருந்து இத்தாலி வந்து விழும்.

குளத்தூர்க் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பாதிரியார் ஆவதற்காக ரோமுக்கு அனுப்பப்பட்டார். குருப்பட்டம் பெறுவதற்கு முன்பே அந்த வழியை விட்டார். ஊருக்குத் திரும்ப முகமில்லாமல் மிலானுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், லூசியா என்ற அம்மாளின் வீட்டு மாடியறையில் சில காலம் தங்கினார். அந்த அம்மாள் சொன்ன ஒரு சம்பவத்தை அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

லூசியாவின் அப்பா சிறிய அச்சகம் வைத்திருந்தவர். தொழிலாளர்களின் பத்திரிகையை அச்சடித்தார். பாசிசக் கட்சியின் கறுப்புச் சட்டைக்காரர்கள் ஒரு நாள் நண்பகலில் வந்து, அவரைத் தெருவுக்கு இழுத்து, வாயைப் பிளந்து விளக்கெண்ணெயை ஊற்றினார்கள். அந்தக் கட்சிக்கு அது வழக்கமான தண்டனை. வயிறு கலங்கி, உடுத்த துணியோடு அவர் வீட்டுக்கு நடக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் அண்டை வீட்டார் நின்று சிரித்தார்கள். லூசியா அப்போது பள்ளிக்குப் போகும் சிறுமி. "எண்ணெய் ஒரு நாளில் போய்விட்டது, அந்தச் சிரிப்பு அப்பாவை விட்டுப் போகவே இல்லை" என்று அந்த அம்மாள் சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் தான் வரலாறு படிக்கப் போனதாக அலோசியஸ் சார் சொல்வார்.

அவருடைய வகுப்பில் சர்வாதிகாரி ஒரு நாளும் ராட்சசனாக வந்ததில்லை. போரிலிருந்து வேலையில்லாமல் திரும்பிய ஆண்கள், வேலைநிறுத்தங்களைக் கண்டு நடுங்கிய பண்ணையார்கள், ஒழுங்கு வந்தால் போதும் என்று பெருமூச்சு விட்ட குடும்பஸ்தர்கள், இவர்களே முதலில் வருவார்கள். தலைவர் பிறகுதான் வருவார். "ரோமை நோக்கி நடந்தாங்கன்னு புஸ்தகத்துல போட்டிருக்கும். நடந்தது தொண்டன் மக்கா. தலைவரு ரயில்ல படுத்து ஒறங்கிக்கிட்டாக்கும் வந்தாரு. கதவத் தெறந்து குடுத்தது ராஜா" என்று அவர் சொல்லும்போது என் வகுப்புப் பிள்ளைகளும் இந்தப் பக்கம் சிரிப்பார்கள். எதிர்த்துப் பேசிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரைக் கடத்திக் கொன்ற பகுதி வந்தால் இரண்டு வகுப்பும் அமைதியாகிவிடும்.

ஒரு வருடம் வகுப்பில் அந்தச் சர்வாதிகாரியின் வீழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார். தலைவரைச் சொந்தச் சபையே கைவிட்டது, அவர் தப்பியோடி அகப்பட்டது, சுட்டுக் கொன்று மிலான் சதுக்கத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டது. வகுப்பு முழுவதும் கைதட்டியது. அலோசியஸ் சார் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டார். என்ன ஆயிற்றோ என்று நானும் வெளியே வந்தேன். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு லூசியாவும் அந்தச் சதுக்கத்துக்குப் போயிருக்கா டீச்சரே. அப்பாவுக்காக. அங்க நின்னு பொணத்து மேல துப்பிச் சிரிச்ச ஆளுகள்ல ரெண்டு மூணு மொகம் அவளுக்கு ஓர்மை உண்டு. அப்பாவைப் பாத்துச் சிரிச்ச அதே மொகம். அவ ஒண்ணும் செய்யாம வீட்டுக்கு வந்துட்டா. இந்தப் பிள்ளையளுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுத்தேன்?"

கொடியவன் ஒழிந்தால் கைதட்டுவது இயல்புதானே என்றுதான் அன்று நினைத்தேன்.

அவர் ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததை உங்களில் பலர் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். வடக்கிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒருவன் பேக்கரியில் கைபேசி திருடினான் என்று பாறசாலைப் பக்கம் ஒரு சந்திப்பில் மின்கம்பத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். யாரோ அவன் தலையில் வண்டிக் கழிவெண்ணெயைக் கொட்டினார்கள். கூட்டம் சிரித்தது. மருந்து வாங்க வந்த அலோசியஸ் சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கம்பத்தடியில் அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முன்னால் நின்றவன் பினு, அவரிடம் படித்தவன். இப்போது அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான்.

"சாரே, எழும்புங்க. இவன் கள்ளனாக்கும்."

"கள்ளனுக்குப் போலீசு உண்டு, கோர்ட்டு உண்டு. எண்ணெய் என்னத்துக்கு மக்கா?"

"சும்மா ஒரு தமாசுக்கு, சாரே."

"அப்போ எனக்க தலையிலயும் ஊத்துலே. தமாசு தானே?"

கூட்டம் மறுபடியும் சிரித்தது. இந்த முறை அவரைப் பார்த்து. காவல்துறை வரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

செய்தி கேட்டு நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆட்டோ பிடித்து அவரை வீட்டுக்கு அழைத்துப் போனேன். பிலோமினா சேச்சி தண்ணீர் கொடுத்தார். டம்ளரை அவரால் பிடிக்க முடியவில்லை, வேட்டியெல்லாம் நனைந்தது. "நல்ல பயமாக்கும் டீச்சரே. இருந்த எடத்துல மூத்திரம் போயிருமோன்னு நெனச்சேன்" என்றார்.

அந்தக் கைபேசி கம்பத்தில் கட்டப்பட்டவனுடைய பையில்தான் இருந்தது. அவன் திருடியது உண்மை. அதன் பிறகு ஊர் அவரைச் சும்மா விடவில்லை. 'கள்ளனுக்க வக்கீல்' என்று பெயர் வைத்தது. அவர் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்த காட்சி சினிமாப் பாட்டோடு சேர்ந்து சுற்றியது. நூலகத்தில் அவர் ஞாயிறுதோறும் பேசிவந்த கூட்டத்தை, "கொஞ்ச நாள் கழிச்சிப் பாக்கலாம் சாரே" என்று நிறுத்தினார்கள். அவரும் கடைவீதிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

"அவன் உண்மையிலேயே கள்ளன் ஆயிட்டானே சார், உங்களுக்கு வருத்தமில்லையா?" என்று ஒருமுறை கேட்டேன். "வருத்தம் உண்டு. லூசியாவுக்க அப்பா நல்லவரு. நல்லவருக்குப் பக்கத்துல இருக்க எளுப்பமாக்கும். கள்ளனுக்குப் பக்கத்துல இருக்கணும்னா அதுக்கு வேற பலம் வேணும். எனக்கு அது இருந்துதான்னு இப்பமும் தெரியாது" என்றார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கடல் இரைச்சல் பெரிதாகக் கேட்டது. பினு வந்திருந்தான். கண் சிவந்திருந்தது. என்னிடம் வந்து, "சாரைப் போல ஒரு மனுசன் இல்ல டீச்சரே" என்றான். பிறகு, "ஆனா அன்னைக்கு சாரு செய்தது தப்பாக்கும்" என்றான். இரண்டையும் அவன் மனதார நம்பினான். அதுதான் எனக்கு அன்றிலிருந்து உறக்கத்தைக் கெடுக்கிறது.

வந்திருந்த பலரும் அவருடைய துணிச்சலைப் புகழ்ந்தார்கள். புகழட்டும். துணிச்சல் என்று சொல்லிவிட்டால் அது அவரோடு மண்ணுக்குள் போய்விடும், நமக்கு அதில் வேலை இருக்காது. டம்ளரைப் பிடிக்க முடியாத அந்தக் கையை நான் பார்த்தேன். அவ்வளவு பயந்த ஒரு மனிதர் அவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தார். அவருடைய அந்தப் பயத்தை நான் வைத்துக்கொள்கிறேன். பயம் எனக்கும் வரும்.