ஏழாம் நம்பர் நீட்டிய கை

எங்கள் கால்பந்து டீமுக்கு ஒரு கிறுக்குப் பழக்கம் இருந்தது. எதிராளி கீழே விழுந்தால், பந்தை விட்டுவிட்டு முதலில் அவரைக் கை கொடுத்துத் தூக்கிவிடுவோம். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரே மோட்டார் கம்பெனியில் வேலை செய்தவர்கள் நாங்கள். எங்கள் மைதானத்துக்கு ஆட வருகிறவர்கள் விருந்தாளிகள் என்று நினைப்பு. உள்ளூரில் அது செல்லுபடியானது. மேட்டுப்பாளையம் போனால், நாங்கள் ஒருவரைத் தூக்கிவிடும் நேரத்தில் இன்னொருவர் கோல் போட்டுவிட்டுச் சிரிப்பார். வீட்டில் புலி, வெளியில் எலி.

ஒரே வருடத்தில் மூன்று கோச் மாறினார்கள். முதலாமவர் ஓட வைத்தே எங்களைச் சாகடித்தார். இரண்டாமவர் பலகையில் அம்புக்குறியாகப் போட்டுத் தள்ளினார். இருவர் காலத்திலும் வெளியூரில் உதைதான் மிச்சம். ஒருமுறை உடைந்த மூக்கோடு பஸ் ஏறினேன். மூன்றாமவர் வந்தபோது முதலாளி சொல்லிவிட்டார்: மேட்டுப்பாளையத்தில் இன்னொரு தடவை தோற்றால் டீமையே கலைத்துவிடுவாராம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நம்பித்தான் நான் வாரம் முழுக்க லேத் முன்னால் நின்றேன். அதுவும் போனால் எனக்கு என்ன இருக்கிறது?

நான் தடுப்பாட்டக்காரன். மேட்டுப்பாளையம் ஆட்டத்துக்கு முன் மூன்றாமவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவங்க ஏழாம் நம்பர் இருக்காருங்கல்ல, பாதி ஆட்டத்துக்குள்ள வெளிய போயிரோணும். உழுந்தவரைத் தூக்கி உட்டீங்கன்னா நீங்களும் வெளியதான்."

"சரிங்க" என்றேன்.

அந்த ஏழாம் நம்பரை நான் முன்பு இரண்டு முறை தூக்கிவிட்டிருக்கிறேன். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "ஏனுங்க, இன்னிக்கும் தூக்கி உடுவீங்கல்ல?"

அவர் பந்தோடு திரும்பிய நேரத்தில் பூட்ஸை அவர் முழங்காலுக்குக் கீழே இறக்கினேன். பாக்கு மட்டை முறிவது மாதிரி சத்தம் கேட்டது. ரெஃப்ரீ தூரத்தில் இருந்தார், விசில் வரவில்லை. ஏழாம் நம்பர் கத்தவும் இல்லை. படுத்தபடியே என்னை நோக்கிக் கையை நீட்டினார். கேலி இல்லை, உண்மையாகவே நான் தூக்குவேன் என்று நம்பினார். நான் கோட்டுக்கு வெளியே நின்ற கோச்சைப் பார்த்தேன். பந்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் வலைக்குள் அடித்தேன். அந்த ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அதுதான்.

ஆட்டம் முடிந்ததும் கூட்டம் உள்ளே பாய்ந்தது. முதுகில் சவுக்குக் கட்டை விழுந்தது, ஓடி ஏறிய வேனின் கண்ணாடி எங்கள் மடியில் நொறுங்கியது. நெற்றியில் ரத்தம் வழிய எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள். "இப்பத்தானுங்க நீங்க ஆட்டக்காரரு" என்று கோச் என் தோளைத் தட்டினார். அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது, தட்டிவிடவில்லை.

டீம் தப்பித்தது. ஏழாம் நம்பர் பாக்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவர் என்று பிறகுதான் தெரிந்தது. மறு வாரம் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு அவர் இருந்த ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். உள்ளே போய் எந்த முகத்தோடு கை கொடுப்பது? திரும்பி பஸ் ஏறிவிட்டேன். பெரியநாயக்கன்பாளையம் வருவதற்குள் அத்தனை பழத்தையும் நானே தின்றிருந்தேன்.