வாய் திறந்த மணப்பெண்

கல்யாணத்துல போட்டோ பிடிக்கிறவளுக்குப் பெரிய எதிரி, ஆளுக திறந்த வாய்தான். பிரியாணி மென்னுக்கிட்டு ஒரு வாய், கொட்டாவி விட்டுக்கிட்டு ஒரு வாய், "ஏட்டி, மறைக்காதே"ன்னு அதட்டுற ஒரு வாய். இந்தத் தொழில்ல மாட்டிக்கிட்டவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஊரே அழகா சிரிக்கிற படத்துல ஒருத்தி மட்டும் தும்மியிருப்பா, அவ மாப்பிள்ளையைப் பெத்தவளா இருப்பா.

நான் ரஹீமா. ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் ராஜபாளையத்துலயும் எங்க முஸ்லிம் கல்யாணங்கள்ல பொம்பளைக பக்கம் மட்டும் படம் எடுக்கேன். வீட்டுக்காரர் மௌத்தான பொறவு அவர் கேமராவைத் தூக்கினவ, இன்னும் கீழ வைக்கல. போன வருசம் ராஜபாளையத்துலயிருந்து எனக்கு ஒரு வரன் வந்துச்சு. மில்லு எலக்ட்ரீசியன் காஜா மைதீன், அவரும் மனைவியைப் பறிகொடுத்தவர். எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லுவானேன். கேமரா என்னாகும்கிறது மட்டும் நெஞ்சுல உறுத்திக்கிட்டே கிடந்துச்சு.

திரைக்கு இந்தப் பக்கம்

நிக்காஹ் நடக்கிறப்ப ஆம்பளைக பக்கம் மைக் முழங்கும். திரைக்கு இந்தப் பக்கம் ஃபேன் காத்துல மல்லியும் அத்தரும் கலந்து சுத்தும், பிள்ளைக மடியில தூங்கும், எல்லாமே தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி மெதுவா நடக்கும். அந்த நேரத்துல பொண்ணைப் பெத்த அத்தாவும் ரெண்டு சாட்சிகளும் உள்ள வந்து, இன்னாரைக் கட்டிக்க சம்மதமான்னு பொண்ணைக் கேப்பாக. முக்காடு இன்னும் செத்த கீழ இறங்கும். யாராவது ஒரு மாமி, "அதெல்லாம் சம்மதந்தான், போங்க"ம்பாக. அம்புட்டுத்தான்.

செட்டியார்பட்டிப் பொண்ணு ஒருத்தி மட்டும் தலையை நிமித்தி, "சம்மதம் அத்தா"ன்னு தெளிவா சொன்னா. சன்னல் வெளிச்சம் அவ உதட்டுல விழுந்த நேரம், நான் பட்டனை அமுக்கிட்டேன். என்னா அழகுங்கிறீங்க! ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்த அவ அம்மா, அந்தப் படம் வந்ததும் முகத்தைச் சுளிச்சாக. "இதை அழிச்சிருங்க. பொண்ணு என்னமோ பேசுற மாதிரியில்ல இருக்கு!" எப்பவும் போல அழிச்சிட்டேன்.

பால்கோவா டப்பா

காஜா மைதீனோட அக்கா ஒரு மத்தியானம் என்னையப் பாக்க வந்தாக. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கே பால்கோவா வாங்கிட்டு வந்தாக. பஸ்ஸை விட்டு இறங்கி, எங்க தெருமுனைக் கடையிலயே வாங்கியிருக்காக, டப்பாவைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு.

கெட்ட மனுசியா இருந்தா சண்டை போட்டிருக்கலாம். அவிய தங்கம். என் தலையைத் தடவிக்கிட்டே, "தம்பி உன்னை ராணி மாதிரி வச்சிருப்பான்மா. இனி அந்தக் கேமரா எதுக்கு? யாருக்காவது குடுத்துரு"ன்னாக. என் வாயில பால்கோவா. முழுங்கவும் முடியல, பேசவும் முடியல. சும்மா இருந்துட்டேன். வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டு எங்க அத்தாகிட்ட அவிய சொன்னது காதுல விழுந்துச்சு: "கேமரா விஷயம் பேசிட்டேன் மாமா, பொண்ணு சம்மதிச்சிட்டா."

சுமையா போட்ட போடு

சுமையா ராஜபாளையத்துல பொம்பளைகளுக்கு ஓதிக்குடுக்கிற ஆலிமா. என்னையவிட ரொம்பச் சின்னவ, ஆனா தோழி. ஒரு கல்யாணத்துல சாப்பிட்டு முடிச்சு, சன்னலோரம் மலையில மேகம் இறங்குறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். பால்கோவா கதையைச் சொன்னேன். சிரிப்பான்னு பாத்தா, கோவப்பட்டா.

"முதக் கல்யாணப் பொண்ணு வெக்கத்துல சும்மா இருந்தா, அதையே சம்மதமா எடுத்துக்கலாம். மறுமணம் பண்றவ வாயால சொன்னாத்தான் சம்மதம். உனக்கு ஏதும் நிபந்தனை இருந்தா அதையும் நிக்காஹ்வுக்கு முன்னாடியே சொல்லிரணும். இது மார்க்கம் உனக்குக் குடுத்த உரிமை, யாரும் போடுற பிச்சையில்ல." நான் கேமராவைத் துடைக்கிற மாதிரிக் குனிஞ்சுக்கிட்டேன். அவ விடல. "அல்லா உன்னைய வாயைத் தெறக்கச் சொல்றான், நீ என்னடான்னா எல்லார் வாயையும் அழிச்சுக்கிட்டுத் திரியுற!"

பஸ்ஸுல ஒரு தூக்கம்

அன்னிக்குத் திரும்பி வாரப்ப, பஸ்ஸுல பையை மடியில வச்சபடி கண் அசந்துட்டேன். கனவுல நான் அழிச்ச படத்துப் பொண்ணுக எல்லாரும் மாந்தோப்புக்குள்ள வரிசையா வாராக. பட்டும் நகையுமா, ஒவ்வொருத்தியும் என் பக்கம் வந்ததும் வாயைத் திறக்கா. சத்தம் மட்டும் வரல. கடைசியா வந்தவ முக்காட்டை விலக்கிப் பாத்தா, நான்! எனக்கும் சத்தம் வரல. கத்துறேன், கத்துறேன். யாரோ தோளோரம் கம்பியைத் தட்டுனாக. கண்டக்டர். "யக்கா, பஸ் ஸ்டாண்டு வந்து எம்புட்டு நேரமாச்சு! யாருகிட்ட 'குடுக்க மாட்டேன், குடுக்க மாட்டேன்'னு சண்டை போடுதீக?"

என் முறை

என் நிக்காஹ் அன்னிக்குப் படம் எடுக்க ஆளில்ல. சுமையாவே கேமராவை வாங்கிக்கிட்டா. "எதை அமுக்கணும்னு மட்டும் சொல்லு"ன்னா.

அதே மல்லி, அதே அத்தர், அதே ஃபேன் காத்து. லென்ஸ் வழியா எத்தனையோ தடவை பாத்த இடத்துல நானே உக்காந்திருக்கேன், நம்பவே முடியல. அத்தாவும் சாட்சிகளும் வந்தாக. "காஜா மைதீனுக்கு உன்னை நிக்காஹ் பண்ணிக் குடுக்க சம்மதமாம்மா?" நான் மூச்சை இழுக்கதுக்குள்ள காஜா மைதீனோட அக்கா, "சம்மதந்தான், போங்க"ன்னுட்டாக. சாட்சிகள் திரும்பிட்டாக. இப்ப வாயைத் திறந்து நிக்காஹ் நின்னுபோனா அத்தா முகத்துல எப்படி முழிப்பேன்?

"அக்கா, என்னையத்தான் கேட்டாக"ன்னேன். என் குரலா அதுன்னு எனக்கே சந்தேகம். "எனக்குச் சம்மதம் அத்தா. ஆனா கேமராவை விடமாட்டேன். அதுக்கு மாப்பிள்ளை ஒத்துக்கிட்டாத்தான் நிக்காஹ்." அத்தா என் பக்கம் குனிஞ்சாக. "அப்படியே சொல்லவா?" "அப்படியே சொல்லுங்க."

அத்தாவும் சாட்சிகளும் போனாக. மைக்குல அத்தா குசுகுசுன்னு பேசுறது கேட்டுச்சு. பொறவு நிக்காஹ் நடத்தி வைக்கிற ஹஜ்ரத், "கேமராவை விடமாட்டாகளாம், நீங்க வேண்டாம்னீகளாமே?"ன்னு கேட்டது கேட்டுச்சு. அதுக்கப்புறம் காஜா மைதீன் குரல், மைக் பக்கத்துல இருக்குங்கிற நினைப்பே இல்லாம, மண்டபம் முழுக்க: "நான் எங்க ஹஜ்ரத் வேண்டாம்னேன்? தாராளமா எடுக்கட்டும்! என்னைய ஒருத்தரும் கேக்கவே இல்லியே!"

சுமையா எடுத்த படத்துல ஃபோகஸ் தப்பு, தலை பாதி வெட்டுப்பட்டுப்போச்சு, வாய் மட்டும் நல்லாத் திறந்திருக்கு. அதைத்தான் நாங்க பெருசா பிரிண்ட் போட்டு வீட்டுல மாட்டியிருக்கோம்.