சரிவைக் குறைத்தவர்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘பச்சை’. அவர் கைபட்ட எந்தச் சோதனையும் திரையில் பச்சையாகத்தான் முடியும். மேலாளர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

சோதனை என்றால் இதுதான். மின்சாரச் சக்கர நாற்காலியின் கட்டுப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்து, ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரோடு இணைப்பார்கள். நாற்காலி, சாய்தளம், உட்கார்ந்திருக்கும் ஆள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் வெறும் கணக்கு. அதற்கு மாடல் என்று பெயர். பெட்டி மட்டும் நிஜம். பாவம், சரிவில் இறங்குவதாகவே நம்பி அது பிரேக் போடும். பிடித்தால் பச்சை, வழுக்கினால் சிவப்பு.

சிவப்பு வந்தால் முதுகெலும்புள்ளவன் பிரேக் புரோகிராம் எழுதியவர்களிடம் போய் நிற்பான். போனால் வாக்குவாதம், கூட்டம், நாலு பேர் முகம் கோணுவது. நம்மவருக்கு அதெல்லாம் ஆகாது. பெட்டியைத் தொடமாட்டார், புரோகிராமைத் தொடமாட்டார். மாடலுக்குள் நுழைந்து சாய்தளத்தைக் கொஞ்சம் தட்டையாக்குவார். பிறகும் சிவப்பா? இன்னும் கொஞ்சம். உலகத்தையே சமதரையாக்கிவிட்டு, பிரேக் பிடிக்கிறது என்று கையெழுத்துப் போடும் வீரம் எத்தனை பேருக்கு வரும்! இந்த லட்சணத்தில் வீட்டில் ‘பெரிய இன்ஜினியர்’ என்ற பட்டம் வேறு.

அந்தப் பட்டத்தை மனதார நம்பியவர் மனைவியின் அண்ணன். விபத்தில் கால்கள் போனபின், வாசலைத் தாண்டவும் அடுத்தவர் தயவை எதிர்பார்த்து நொந்துபோன மனிதர். தயாரான முதல் நாற்காலியில் எல்லோர் முன்னாலும் யாரை உட்கார வைத்து ஓட்டிக்காட்டலாம் என்று மேலாளர் யோசித்தபோது, பச்சைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “என் மச்சான் இருக்காரு சார்” என்றுவிட்டார்.

வெள்ளோட்டத்தன்று அலுவலக வாசலில் கூட்டம். அங்கிருந்த சாய்தளத்தைப் பச்சை அன்றுதான் கண்ணால் அளந்தார். தினமும் ஏறி இறங்கியதுதான். மாடலில் அவர் விட்டுவைத்த சரிவோ இதில் பாதிகூட இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்த மச்சான் அவர் கையைப் பிடித்தார். “பிரேக் பிடிக்கும்ல மாப்பிள்ளை?”

இன்றைக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்தில் மேலாளர் சிரித்துக்கொண்டு நின்றார். பச்சை மச்சானின் தோளைத் தட்டினார்.

“நானே டெஸ்ட் பண்ணது மச்சான். தைரியமா போங்க.”

“நீங்க சொன்னா சரி.”

பாதிச் சரிவில் மச்சான் நிறுத்தப் பார்த்தார். நாற்காலி நிற்கவில்லை. கீழே சுவரில் மோதித்தான் நின்றது. கால் இல்லாத மனிதனுக்கு வலது கையும் முறிந்தது.

எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓட, இவர் சோதனை அறைக்கு ஓடினார். வாசல் சரிவை அப்படியே மாடலில் போட்டார். சிவப்பு. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இனிச் சரிவில் கைவைக்க வழியில்லை, அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். அதனால் ஆளின் எடையைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளையின் எடைக்கு வந்தபோது பிரேக் பிடித்தது. வெட்கங்கெட்ட மனிதர், நிம்மதியாக மூச்சு விட்டார்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார். அண்ணன் கட்டிலருகே இருந்த மனைவி, “நீங்கதானே டெஸ்ட் பண்ணீங்க? அப்புறம் எப்படிங்க?” என்றாள்.

“நாற்காலியில ஒரு குறையும் இல்ல. இப்பக்கூட பார்த்துட்டுத்தான் வர்றேன். உங்கண்ணன் வெயிட்டுதான் ஜாஸ்தி.”

மச்சான் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை. என்னால உங்க பேரு கெட்டுப்போச்சு.”