முள்ளுக்காட்டுக் குத்தகை

தேவகனி ராத்திரியில் தூங்கி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பஹ்ரைனில், ஈசா டவுன் பக்கம், இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் ஒரு தனியார் கிளினிக்கில் அவள் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "ஒரு மாசத்துக்கு மட்டும் நைட் டூட்டி பாருங்க சிஸ்டர்" என்று சொன்னார்கள். அந்த ஒரு மாசம் இன்னும் முடியவில்லை.

காலை ஏழரைக்கு வீடு திரும்புவாள். படுக்கையறை ஜன்னல் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். அதையும் தாண்டி ஒரு வெளிச்சம் எங்கிருந்தாவது வந்து கண்ணில் விழும். வெளிச்சம் வராவிட்டால் மேல்வீட்டு மாவு அரைக்கும் சத்தம் வரும். அதுவும் இல்லாத நாளில் சிலிண்டர்காரன் வந்து மணி அடிப்பான். மற்றவர்கள் வீடு, நகை என்று கனவு காண்பார்கள். தேவகனிக்கு வேண்டியது ஒன்றுதான்: ஊரோடு சேர்ந்து இருட்டில் படுத்து, ஊரோடு சேர்ந்து எழுந்திருக்க வேண்டும். மேனேஜர் கலீலுர் ரஹ்மானிடம் பகல் டூட்டி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். கீழக்கரைக்காரர் அவர், இல்லை என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார். "பார்ப்போம் சிஸ்டர், இன்ஷா அல்லா" என்பார். அது இல்லை என்பதைவிட நீளமானது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் மே மாசம், கண்ணை மூடிய பத்தாவது நிமிஷத்தில் போன் அடித்தது.

"மேடம், தேவகனி யேசுராஜ் அவங்களா? நான் முத்துராமன், ராமநாதபுரத்துல இருந்து பேசறேன். எண்ணெய்க் கம்பெனில நிலப் பிரிவு. உங்க பேர்ல இருக்கற மூணு ஏக்கர் சம்பந்தமா..."

அந்த மூணு ஏக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேவகனியின் அப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். மீன் காயப்போட ஒரு களம் வேண்டும் என்று, போய்ப் பார்க்காமலே ஒரு நிலம் வாங்கினார். வாங்கிய பிறகு பார்த்தால் அங்கிருந்து கடலுக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும். சீமைக்கருவேலம் மட்டும் தானாக முளைத்துத் தானாக வளர்ந்தது. மகள் கல்யாணத்தில் அதை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துத் தன் தொல்லையைத் தீர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து மாப்பிள்ளை யேசுராஜுக்கு அது ஒரு வற்றாத கேலி. ஜவுளிக் கடையில் தேவகனி விலை உயர்ந்த சேலையைத் தொட்டால், "எடுத்துக்கோ, எடுத்துக்கோ, காட்டுல முள்ளு வெட்டி அனுப்பச் சொல்லுவோம்" என்பான்.

இப்போது அந்தக் காட்டில் துளை போட்டுப் பார்க்க வேண்டுமாம். மூன்று வருஷக் குத்தகை, ஏக்கருக்கு இவ்வளவு என்று வருஷ வாடகை.

யேசுராஜ் பாலைவனத்து எண்ணெய்க் கிணறுகளில் பம்புகளைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் ஒரு கோப்பை டீயை முழுசாகக் குடித்து முடித்தபிறகுதான் வாயைத் திறந்தான்.

"ஏ தேவகனி, இப்பவே தங்கக் குழாய் போட்டுறாத. பூமிக்குக் கீழ உள்ளது பூரா அரசாங்கத்துக்குள்ளது. எண்ணெய் வந்தாலும் ஒரு சொட்டு உனக்குக் கெடையாது. மேல உள்ள முள்ளுதான் உன்னோடது."

"எனக்கு எண்ணெய் வேண்டாங்க. வாடகை போதும். அது நைட் அலவன்ஸுக்கு ஈடாச்சுன்னா நான் பகல் டூட்டிக்கு மாறிருவேன்."

"மாத்துறதுக்கு உங்க மேனேஜர்லா சம்மதிக்கணும்?"

"சம்மதிக்காட்டி வேலைய விட்டுறுவேன்."

சொன்ன வேகத்தில் மறுநாளே கலீலுர் ரஹ்மானிடமும் சொல்லிவிட்டாள். ஜூன் முடிவுக்குள் பகல் டூட்டி, இல்லையென்றால் ராஜினாமா. காட்டு விவகாரத்தையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தக் காடு எனக்குத் தெரியும் சிஸ்டர். எங்க மாமா பொண்ணு வீட்டுக்குப் போற வழிதான். அதுக்குள்ள ஆடு போனா ஆட்டுக்காரன் தேட மாட்டான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எண்ணெய் வந்ததும் சொல்லுங்க. நானே உங்களுக்கு டிரைவரா வந்துர்றேன்."

சிரித்துக்கொண்டே பேசினாலும், அந்த வாரமே இரண்டு புது நர்சுகளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார். சொன்ன சொல்லிலிருந்து இறங்க இனித் தேவகனிக்கு வழியில்லை. குத்தகை கைகூடாவிட்டால் ஒன்று வேலை போகும். இல்லையென்றால் அவர் முன்னால் போய் நின்று, கண்ணாடியைத் துடைக்கும்வரை காத்திருந்து, நைட் டூட்டியையே திரும்பக் கேட்டு வாங்க வேண்டும்.

பேரம் பேசுவதில் அவளுக்குப் பெயர் உண்டு. மனாமா சூக் கடைத்தெருவில் கடைக்காரர்கள் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே பெருமூச்சு விடுவார்கள். அவளுடைய முறை எளிது. சொன்ன விலையில் பாதி கேட்பாள். முடியாது என்றால், "கலாஸ்" என்று அரபியில் பேச்சை முடித்துவிட்டு நடப்பாள். நடையில் அவசரம் இருக்கக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. மூன்றாவது கடையைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து, "சிஸ்டர், வாங்க, வாங்க" என்று குரல் வரும். அந்தக் குரல் வராத நாள் அவள் வாழ்க்கையில் இருந்ததில்லை.

முத்துராமன் எப்போதும் ஆபீசுக்கு வந்து காபி குடித்ததும் முதல் வேலையாக அவளைக் கூப்பிடுவார். அங்கே பதினொரு மணி, இங்கே எட்டரை. அவளுக்குத் தூக்கம் வந்து கால்மாட்டில் உட்காரும் நேரம்.

"நீங்க சொன்னதுக்கு மூணு மடங்கு," என்றாள் தேவகனி. "பயிர் நஷ்ட ஈடு தனி."

"மேடம், அங்க பயிர் எதுவும் இல்லையே."

"கருவேலம் இருக்குல்ல?"

"அத வெட்டறதுக்கே நாங்கதான் கூலி குடுக்கணும் மேடம். பயிர்னு எழுதினா மேல சிரிப்பாங்க."

"அப்ப கலாஸ்," என்று சொல்லி போனை வைத்துவிட்டுக் குப்புறப் படுத்தாள். வெகுநாளைக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் ஆனதும் சிலிண்டர்காரன் மணி அடித்ததற்கே எழுந்து உட்கார்ந்து போனை எடுத்தாள். ஜூன் பாதி முடிந்திருந்தது.

"சேலைக் கடைக்காரனுக்குச் சேலையச் சுருட்டி உள்ள வச்சா தூசி புடிக்கும், அதனால கூப்புடுவான்," என்றான் யேசுராஜ். "பூமிக்குள்ள கோடி வருஷமா கெடக்குறதுக்கு என்ன தூசி? அதுவும் போக, உன் நெலத்துலதான் நிக்கணும்னு அவனுக்கு வேண்டுதலா? பக்கத்து நெலத்துல நின்னு சாய்ச்சுத் துளை போட்டா உன் காட்டுக்குக் கீழ வந்துருவான். நீ மேல நின்னு கலாஸ், கலாஸ்னு சொல்லிட்டே இருக்க வேண்டியதுதான்."

"இத அன்னைக்கே சொன்னா என்ன?"

"அன்னைக்கு நீ கேக்குற நெலமையிலயா இருந்த?"

பக்கத்து நிலம் கார்மேகத்துடையது. அவன் துபாயில் கிரேன் ஆபரேட்டர். கராமாவில் ஏழு பேரோடு ஒரு ரூமில் இருந்தான். ஊரிலுள்ள தன் தம்பியிடம் நம்பர் வாங்கி, ஒரு போன் கார்டை முழுசாகச் சுரண்டி, தேவகனி அவனைக் கூப்பிட்டாள். அக்கா என்று அவன் ஆரம்பித்த விதமே சரியில்லை.

"நல்லாருக்கு அக்கா. சத்தமில்லாம சைன் பண்ணிட்டீங்க."

"யாரு சைன் பண்ணா?"

"நீங்கதான். முத்துராமன் சொன்னாரு. பஹ்ரைன் மேடம் சம்மதிச்சிட்டாங்க, நீங்கதான் லேட் பண்றீங்கன்னாரு. நான் நம்பல. கலாஸ்னு சொல்லி வச்சிட்டேன்."

தேவகனி கட்டிலில் உட்கார்ந்தாள். "நீயும் கலாஸ் சொன்னியா?"

"பின்ன? தேரா சூக்குல ஒரு செருப்பு வாங்குனாலும் அப்படித்தானக்கா வாங்குறோம். கூப்புடுவாய்ங்கன்னு பார்த்தா ஒருத்தனையும் காணோம்."

ஆக, ஒரே கடையிலிருந்து இரண்டு பேரும் இரண்டு பக்கமாக நடந்து போயிருக்கிறார்கள். அவளைக் காட்டி அவனைப் பயமுறுத்திப் பார்த்த முத்துராமன் இப்போது நடுவில் தனியாக நின்றுகொண்டிருக்க வேண்டும்.

"உனக்கு எத்தனை ஏக்கர்?"

"மூணு. நம்ம ரெண்டு பேருது போக அங்கிட்டுக் கம்மாய். கம்மாய்க்குள்ள மிஷினை எறக்க முடியாதுல்ல."

"அவங்களுக்கு எவ்வளவு வேணுமாம்?"

"மிஷினு, தங்குற கொட்டகை, சகதிக் குழி எல்லாம் சேர்த்து அஞ்சு ஏக்கராவது வேணும்னு வாய் தவறி ஒருநா சொன்னாரு."

இரண்டு நிலமும் சேராமல் அஞ்சு ஏக்கர் வராது என்று இருவரும் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள். கார்டில் மிச்சமிருந்த நிமிஷங்கள் வீணாகப் போனதை இருவரும் பொருட்படுத்தவில்லை.

"அக்கா, நீங்களே பேசுங்க," என்றான் கார்மேகம். "நான் பேசுனா கோவம் வந்துரும். நீங்க நர்ஸு, வலிக்காதுன்னு சொல்லிக்கிட்டே குத்துவீங்க. நான் முத்துராமனுக்கு போன் போட்டு, அக்கா சொல்றதுதான் எனக்கும்னு சொல்லிர்றேன்."

மறுநாளே எட்டரைக்குப் போன் வந்தது.

முந்தின ராத்திரி கிளினிக்கில் கூட்டம் தாங்கவில்லை. தூசிக்காற்று அடித்திருந்தது, மூச்சிழுக்கும் குழந்தைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. தேவகனி ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. படுத்தபடியே ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள்: இரண்டு பேருக்கும் ஒரே வாடகை, வருஷா வருஷம் ஏற்றித் தர வேண்டும், போகும்போது கொட்டின ஜல்லியை அள்ளி, குழியை மூடி, நிலத்தை நிலமாகத் தர வேண்டும், ஆறு ஏக்கருக்கும் சேர்த்து ஒரே பத்திரம், பிரித்துப் பேச்சே கிடையாது. முத்துராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம், எங்க தலைமை அலுவலகத்துல ஒரு விதிமுறை இருக்கு..." என்று ஆரம்பித்தார். குரல் சீராக, மேடு பள்ளமில்லாமல், குழந்தைக்குத் தட்டிக் கொடுப்பதுபோல வந்துகொண்டிருந்தது.

அவள் கண் விழித்தபோது மணி இரண்டு. ரிசீவர் போன்மேல் வைக்கப்பட்டிருந்தது. தலையணையில் அதன் அச்சு மட்டும் இருந்தது. எண்ணெய்க் கம்பெனி பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப் போயிருக்கிறாள்.

கூடத்துக்கு ஓடினாள். வாராந்தர லீவில் வீட்டிலிருந்த யேசுராஜ் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தான். முகத்தில் இதுவரை அவள் பார்க்காத ஒரு மரியாதை.

"போச்சாங்க? எல்லாம் போச்சா?"

"உக்காரு. சொல்லுதேன்." அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "சார்ஜரு எடுக்கலாம்னு ரூமுக்குள்ள வந்தேன். நீ நல்ல தூக்கம். போன்ல ஆளு பேசிட்டே இருக்காரு. சரி, எழுப்புவோம்னு பக்கத்துல வந்தா, 'மேடம், லைன்ல இருக்கீங்களா? வாடகை கம்மின்னு நெனைக்கிறீங்க, புரியுது'ங்காரு. நீ ஒரு மூச்சு விட்ட."

"மூச்சா?"

"பெரிய மூச்சு. உடனே, 'சரி மேடம், பத்து சதவீதம் கூட்டுறேன்'னுட்டாரு. எனக்குக் கை கால் ஓடல. ரிசீவர எடுத்து உன் மூக்குக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வச்சேன்."

"என்னங்க நீங்க."

"கேளு. ஜல்லிய அள்ளித் தர்றதுக்குச் சரின்னாரு. நீ பேசல. வருஷ உயர்வுக்குச் சரின்னாரு. அப்பவும் பேசல. கடைசில, 'இப்படி எதுவுமே சொல்லாம இருந்தா நான் எப்படி மேடம் மேல போய்ப் பேசுவேன்'னு கிட்டத்தட்ட அழுத கொரல்ல சொன்னாரு. அதுக்கு நீ லேசா ஒரு கொறட்டை விட்ட. 'கோவிச்சுக்காதீங்க மேடம், கார்மேகம் சாருக்கும் அதே ரேட்டு, நாளைக்கே ஃபேக்ஸ் அனுப்புறேன்'னு வச்சிட்டாரு."

தேவகனி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யேசுராஜுக்குத் தெரியவில்லை. அவளுக்குமே அது சரியாகத் தெரியவில்லை.

வீட்டில் ஃபேக்ஸ் கிடையாது. கொடுத்திருந்தது கிளினிக் நம்பர். ஆகவே ஒப்பந்தத்தை முதலில் படித்தவர் கலீலுர் ரஹ்மான். மறுநாள் அவள் ராத்திரி டூட்டிக்கு உள்ளே நுழையும்போது, வழக்கமாக வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டிய மனிதர், காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"பாஷை நல்லாருக்கு சிஸ்டர். ஜல்லி அள்ளறது, குழி மூடறது... இதெல்லாம் யாரு பேசுனது?"

"நான்தான் சார்."

"எங்க குடும்பத்துல நாலு தலைமுறை வியாபாரம். இந்த மாதிரி ஆளுங்கள ஜல்லி அள்ள வைக்க எங்களால முடிஞ்சதில்ல." காகிதத்தைத் திருப்பினார். "மூணு வருஷம்தானே போட்டிருக்கு. முடிஞ்சதும்? நைட்டுக்குத்தானே வரணும்?"

"மூணு வருஷத்துல நீங்க வேற ஆளுக்கு நைட் டூட்டி பழக்கியிருப்பீங்க சார். ஒரு மாசத்துக்கு மட்டும்னு சொல்லி ஆரம்பிங்க."

கலீலுர் ரஹ்மான் கண்ணாடியைக் கழற்றவில்லை. இன்டர்வியூவுக்கு வந்த இரண்டு பேரில் ஒருத்தியை நைட்டுக்கு எடுத்துக்கொள்வதாகவும், ஜூலை ஒன்றிலிருந்து தேவகனிக்குப் பகல் என்றும் சொன்னார். இன்ஷா அல்லா சேர்க்கவில்லை. ஃபேக்ஸுக்கான தாள் செலவை மட்டும் அவளே கொடுத்துவிட வேண்டும் என்றார். அதில் அவள் பேரம் பேசவில்லை.

தூதரகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டாள். கார்மேகம் துபாயில் போட்டான். டிசம்பரில் காட்டுக்குள் மிஷின் இறங்கியது. பம்பு பழுதுபார்க்கிற யேசுராஜுக்கு நிலைகொள்ளவில்லை. எத்தனை அடி போயிருக்கிறார்கள், என்ன மண் வந்தது என்று, ஊரிலிருந்து சேதி வாங்கி வைத்திருக்கும் கார்மேகத்தோடு தினமும் பேசினான். இத்தனை காலம் கேலி செய்த காட்டை இப்போது "நம்ம லொக்கேஷன்" என்றான்.

பிப்ரவரியில் ஒரு காலை, தேவகனி யூனிஃபார்ம் போட்டுத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது அவன் வாசலில் வந்து நின்றான்.

"ராத்திரி கார்மேகம் பேசினான். துளை முடிஞ்சிருச்சாம். கேஸும் இல்ல, எண்ணெயும் இல்ல. உப்புத் தண்ணிதானாம்."

"வாடகை உண்டுல்ல?"

"அது உண்டு. ஒப்பந்தம் மூணு வருஷத்துக்குல்லா."

"இத ராத்திரியே சொல்லியிருக்கலாமே."

"மூணு வாட்டி எழுப்பினேன்," என்றான் யேசுராஜ். "நாலாவது வாட்டி எழுப்பப் பயமா இருந்துச்சு."

தேவகனி ஜன்னல் பக்கம் போனாள். அலுமினியத் தாளைக் கிழித்த இடங்களில் பசை மட்டும் கோடு கோடாக ஒட்டியிருந்தது. வெளியே நல்ல வெயில். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்கக் கீழே இறங்கினாள்.